ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றுபோனால்? சென்னையில் ஒரு கடல்நீர்த் தொட்டி

ரீஃப் தொட்டி, அதாவது பவளமும் மீனும் வாழும் கடல்நீர்த் தொட்டி, வைக்க ஆசையாக இருக்கிறது, என்னென்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "உங்க ஏரியாவுல கரண்ட் போனா எவ்வளவு நேரத்துல வரும்?" என்றுதான். பலருக்கும் இது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். அவர்கள் நீல விளக்கையும், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் மாடலையும் பற்றிப் பேச வந்திருப்பார்கள். ஆனால் சென்னையில் இந்தத் தொட்டியைச் சில வருடங்கள் ஓட்டியதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் கருவியைப் பார்த்தாலும் அது என்ன செய்யும் என்பதைவிட, ராத்திரி ரெண்டு மணிக்கு அது நின்றுபோனால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்கிறேன். எதை முதலில் வாங்குவது, எதை அப்புறம் பார்த்துக்கொள்வது என்பதும் அதிலேயே முடிவாகிவிடுகிறது.

கருவிக்கு முன்னால் சட்டம். வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்கும் கிளைகிளையான கடினப் பவளங்களை இங்கே வீட்டில் வைக்க முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் ரீஃப் கட்டும் பவளங்கள் அத்தனையும் இருக்கின்றன. கடல் விசிறியும் கடல்குதிரையும் கடல் அட்டையும் அதே பட்டியலில்தான். உயிரோடு இருந்தாலும் சரி, காய்ந்த துண்டாக இருந்தாலும் சரி. அதனால் கடலிலிருந்து எடுத்த 'லைவ் ராக்' என்று யாராவது காட்டினால், அது பெரும்பாலும் பவள எலும்புக்கூடுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தொட்டியில் இருப்பது செராமிக் கல். மேலே சோவாந்திட், மஷ்ரூம், லெதர் மாதிரியான மென்பவளங்கள். மீன் என்றால் ஒரு ஜோடி கோமாளி மீனும் இன்னும் சிலவும். கோமாளி மீனைக் கடலில் பிடித்து வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பரங்கிப்பேட்டை அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும், மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ நிலைப்படுத்திவிட்டார்கள். பண்ணை மீன் தொட்டிக்குச் சீக்கிரம் பழகும், போட்டதைச் சாப்பிடும்.

சரி, கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். கடல்நீர்த் தொட்டியில் கரண்ட் போனதும் முதலில் தீர்வது ஆக்சிஜன். உப்புநீரில் நன்னீரைவிடக் குறைவாகத்தான் ஆக்சிஜன் கரையும், வெப்பம் ஏற ஏற இன்னும் குறையும். நம் ஊர் மே மாத ராத்திரியில், பம்ப் நின்ற தொட்டியில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறக்க அதிக நேரம் ஆகாது. எனவே என் பட்டியலில் முதல் பொருள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேட்டரி ஏர் பம்ப். கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்கும் வகை இருக்கிறது, அதை வாங்குங்கள். அடுத்தது இன்வெர்ட்டர். அதில் ஸைன் வேவ் வகையே வேண்டும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏசி பம்புகள் உறுமும், சூடாகும், சில ஓடவே ஓடாது. இன்வெர்ட்டரில், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கரை மட்டும் போடுங்கள். விளக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. தொட்டி நீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' கருவியை அதில் மாட்ட நினைக்கவே வேண்டாம், கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இது முழுசாகச் சோதனைக்கு வந்தது. தண்ணீர் தேங்கியதால் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் ஒரு நாளுக்கு மேல் ஆனது. வீட்டில் ஃபேனும் போன் சார்ஜும் அதே இன்வெர்ட்டரில் ஓடியதால் அது சீக்கிரமே கையை விரித்துவிட்டது. அப்புறம் ஏர் பம்பும் மக்கும்தான். ஒரு மக் தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்ற வேண்டும். வீட்டில் ஆளாளுக்கு முறை வைத்துச் செய்தோம். மீனுக்குச் சாப்பாடு போடவே இல்லை; சாப்பிட்டால் கழிவு, கழிவென்றால் அம்மோனியா, அதை உடைக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மீன்கள் பட்டினியை அலட்சியமாகத் தாங்கும். கேனிஸ்டர் ஃபில்டர், அதாவது தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் ஃபில்டர், வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மணிக்கணக்கில் மூடிக் கிடந்த கேனிஸ்டரில் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் அழுகியிருக்கும். கரண்ட் வந்ததும் அது தானாக ஓடி மொத்தத்தையும் தொட்டிக்குள் தள்ளிவிடும். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கழுவிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கரண்ட் போவதில் இன்னொரு ஆபத்து, தரை நனைவது. தொட்டிக்குக் கீழே சம்ப் என்று இன்னொரு சிறு தொட்டி இருக்கும்; ஸ்கிம்மரும், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பும் அதில்தான் இருக்கும். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் குழாய் வழியாகத் தண்ணீர் சைஃபன் ஆகிக் கீழே இறங்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழம் வரைக்கும் இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் ஒரு செ.மீ. இறங்கினாலே 5.4 லிட்டர். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர். சம்ப்பில் அந்த இடம் காலியாக இல்லை என்றால் அது ஹாலுக்குத்தான் வரும். குழாயில் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிறு துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும். ஆனால் அந்தத் துளையை நத்தையோ பாசியோ அடைக்கும், ஆகவே துளையை மட்டும் நம்பக்கூடாது. வாயை மேலே ஏற்றி வையுங்கள், சம்ப்பில் இடமும் விடுங்கள். தொட்டியை நிரப்பிய அன்றே மெயினை அணைத்துப் பார்த்துவிடுவது நல்லது, வீட்டில் யாரும் இல்லாதபோது அது தானாக அணைவதற்கு முன்னால்.

ஆவியான தண்ணீரை வாளியிலிருந்து தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப்பையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே எவ்வளவு குறைந்ததோ அவ்வளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். 250 லிட்டர் தொட்டியில் நாளைக்கு 4 லிட்டர் போனால், ஐந்து நாள் கவனிக்காமல் விட்டதில் உப்பு 35-லிருந்து 38 பி.பி.டி.க்கு (ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தக் கருவி. ஆனால் மிதவை ஒருமுறை சிக்கிக்கொண்டால் வாளியில் இருப்பது அத்தனையும் தொட்டிக்குள் போகும். எனக்கு ஒரு நத்தை மிதவையின் மேல் ஏறி உட்கார்ந்து இதைச் செய்து காட்டியது. வாளி சின்னதாக இருந்ததால் தப்பித்தேன். 25 லிட்டர் போயிருந்தால் 35 என்பது 32-க்கு வந்திருக்கும். அதனால் நல்ல தண்ணீர் வாளி சிறிதாக இருப்பதே ஒரு பாதுகாப்பு. வாரம் ஒருமுறை நிரப்பும் சோம்பேறித்தனத்துக்காக 60 லிட்டர் டிரம் வைக்காதீர்கள். ஆப்டிகல் சென்சார், அதற்கு மேல் ஒரு மிதவை, அதற்கும் மேல் இவ்வளவு நேரத்துக்கு மேல் ஓடாதே என்று நிறுத்தும் டைமர், இந்த மூன்றும் உள்ளதாகப் பாருங்கள்.

வெப்பம். கடைக்காரர் ஹீட்டரையும் சேர்த்துக் கொடுப்பார், சென்னையில் அது பெட்டிக்குள்ளேயே இருக்கும். இங்கே பிரச்சினை எதிர்த் திசையில். மென்பவளங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் நுண்பாசி கொடுக்கும் உணவில்தான் பெரும்பாலும் வாழ்கின்றன. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2010-இலும் 2016-இலும் கோடையில் மன்னார் வளைகுடாவில் கடினப் பவளங்களுக்கு நடந்ததும் இதேதான். ஃபேன் வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். நீர்மேல் அடிக்கும் ஃபேன் ஆவியாதலால் குளிர்விக்கிறது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். பெங்களூரில் நன்றாக வேலை செய்யும் ஃபேன், கத்திரி வெயிலில் கடற்காற்றும் புழுக்கமுமாக இருக்கும் நம் ஊரில் இரண்டு டிகிரி குறைத்தாலே பெரிது. ஏசி ரூம் இல்லையென்றால் சில்லர் வேண்டும்.

சில்லர் வாங்கும்போது எல்லோரும் தொட்டியின் லிட்டரைச் சொல்லுவார்கள், அறையைச் சொல்ல மாட்டார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டைச் சில்லர் அறைக்குள்தான் கொட்டும். ஸ்டாண்டுக்குள் பூட்டி வைத்தால் தன் சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும். குழாயை நீட்டிப் பால்கனிப் பக்கம் வைத்த பிறகுதான் என் வீட்டில் கரண்ட் பில் அடங்கியது. இன்னொன்று: நான் தொட்டியை 27 டிகிரியில் வைத்திருக்கிறேன். புத்தகங்களில் 25 என்று இருக்கும். 25-இல் வைத்தால் சில்லர் அதிகம் ஓடும் என்பதோடு, அது நின்றுபோகும் நாளில் தொட்டி ஏற வேண்டிய தூரமும் அதிகம். 25-லிருந்து 31-க்கு ஏறுவதைவிட 27-லிருந்து ஏறுவது உயிர்களுக்குச் சுலபம்.

இனி தண்ணீர். எத்தனை விலையுள்ள கருவியும் மோசமான தண்ணீரைச் சரிசெய்யாது. சென்னையில் ஒரே வீட்டில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றும் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கலந்து வரும், அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டி.டி.எஸ். நாளுக்கு நாள் மாறும். ஆர்.ஓ. வேண்டும், அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசினும் வேண்டும். 1400 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரை 95 சதவீதம் வடிகட்டும் மெம்பரேன் வழியாக விட்டாலும் 70 மிச்சம் இருக்கும். அந்த எழுபதில் நைட்ரேட்டும் சிலிகேட்டும் இருந்தால் பாசிக்கு விருந்து. ரெசின் அதைப் பூஜ்யமாக்கும். உள்ளே வரும் தண்ணீர் எவ்வளவு கனமோ ரெசின் அவ்வளவு சீக்கிரம் தீரும், எனவே முடிந்தவரை மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.

"வீட்டுலதான் குடிக்கிற ஆர்.ஓ. இருக்கே சார், அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அப்படியே பிடித்தால் போதாது. குடிநீர் ஆர்.ஓ.க்களில் சுவைக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலர் ஒன்று இருக்கும், அது வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும். சில மாடல்களில் மினரல் கார்ட்ரிட்ஜ், இப்போது விளம்பரங்களில் பிரபலமான காப்பர் கார்ட்ரிட்ஜ் வேறு. நமக்கு நல்லது என்கிற அந்தக் காப்பர் இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். மெம்பரேனிலிருந்து வெளியே வரும் குழாயில் 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு அங்கிருந்தே நேராக டி.ஐ.க்கு எடுக்க வேண்டும். பிளம்பர் பித்தளை வால்வு மாட்டப் பார்ப்பார், பிளாஸ்டிக்தான் வேண்டும் என்று நின்று சொல்லுங்கள். வெளியேறும் கழிவு நீர் எங்கள் வீட்டில் வீடு துடைக்கவும் பாத்ரூமுக்கும் போகிறது.

தென்சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. 2013-இல் தொடங்கிய நெம்மேலி நிலையத்தில் வங்கக் கடலின் உப்பைப் பெரும் செலவில் நீக்கி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், நாங்கள் அதையே காசு கொடுத்து மறுபடி உப்பாக்குகிறோம். நேராகக் கடலில் மொண்டு வந்தால் என்ன என்று தோன்றும். கூவமும் அடையாறும் கலக்கும் கரை இது. வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்பு இறங்கிவிடும். மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும் பார்த்தோம். கரையோரத் தண்ணீரை நான் தொடுவதில்லை.

உப்பு கலப்பதில் சூட்சுமம் பெரிதாக இல்லை. லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம், பிராண்டைப் பொறுத்து. தண்ணீரில்தான் உப்பைப் போட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் அடர்த்தியாகச் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், அது திரும்பக் கரையாது. ஒரு பம்ப் போட்டுச் சில மணி நேரம் சுழல விட்டு, தெளிந்த பிறகு அளந்து பாருங்கள். இந்த ஊர் ஈரத்தில் பக்கெட்டைத் திறந்து வைத்தால் உப்பு கட்டி தட்டும், அப்படிக் கட்டியான உப்பில் கலந்த தண்ணீர் கலங்கலாகவே நிற்கும். சிறு பொட்டலங்களாகப் பிரித்துக் காற்றுப் புகாமல் கட்டி வைக்கலாம்.

உப்பை அளப்பதற்கு, ஒளி வளைவதை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். குறி 35 பி.பி.டி., அதாவது ஒப்படர்த்தி 1.026. ஆர்.ஓ. தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு நம்புகிறவர்கள் அதிகம். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் தவறாகக் காட்டலாம். சந்தையில் பல மலிவுக் கருவிகள் சமையல் உப்புக் கரைசலுக்கான அளவுகோலில் இருக்கின்றன, கடல்நீரை அவை ஒன்றரை வரை கூட்டிக் காட்டும். 35 என்று எழுதிய சோதனைக் கரைசல் ஒரு பாட்டில் வாங்கி, அதை வைத்து நிறுத்துங்கள். கண்ணாடிமேல் சொட்டு விட்டு அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள்.

மற்ற அளவுகளில் எனக்கு அக்கறையானது ஆல்கலினிட்டி, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் கார்பனேட்டின் அளவு. அதன் அலகான டி.கே.எச்.சில் 7-லிருந்து 9-க்குள் எங்கேயாவது இருக்கட்டும், ஆனால் நகராமல் இருக்கட்டும். குறைந்திருந்தால் ஒரே நாளில் தூக்காதீர்கள், நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கால்சியம் 400-450, மக்னீசியம் 1250-1350 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று இருந்தால் போதும். கடினப் பவளம் இல்லாத தொட்டியில் இவை மெதுவாகத்தான் குறையும், ஒழுங்காகத் தண்ணீர் மாற்றினாலே ஈடுகட்டிவிடலாம். இவற்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க இரண்டு பாகக் கரைசல், மூன்று பாகக் கரைசல் என்று டோஸிங் பம்ப் வாங்கி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். சுண்ணாம்புத் தண்ணீர் விடுகிறவர்கள் உண்டு, நல்ல முறைதான், ஆனால் தெளிந்த கரைசலின் பி.எச். 12-க்கு மேல். சொட்டுச் சொட்டாகப் போக வேண்டியது மொத்தமாகப் போனால் தொட்டி காலி. வெற்றிலைச் சுண்ணாம்பும் அதே பொருள்தானே என்று ஆரம்பிக்காதீர்கள், அதில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று டப்பாவில் எழுதியிருக்காது.

பாஸ்பேட்டை அளக்கும் ஹன்னா செக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அல்ட்ரா லோ வகைகளில் ஒன்று காட்டும் எண் பாஸ்பரஸ், அதுவும் பி.பி.பி.யில் (நூறு கோடியில் இத்தனை பங்கு). 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் பாஸ்பேட் பி.பி.எம். வரும். 20 என்று காட்டினால் 0.06, நல்ல அளவு. 20-ஐப் பார்த்து அலறி, பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தைக் கொட்டுகிறவர்கள்தான் அடுத்த மாதம் மணலெல்லாம் குமிழியோடு பழுப்புச் சளி மாதிரி படர்கிறது என்று படம் அனுப்புவார்கள். அது பெரும்பாலும் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமான தொட்டியில் மற்ற பாசிகள் பட்டினியாகிவிடுவதால் அது தலை தூக்குகிறது. நைட்ரேட் 5-10, பாஸ்பேட் 0.03-0.1, மென்பவளத்துக்கு இதுவே பிடிக்கும். நைட்ரேட் ஏறிவிட்டால் பத்து சதவீதத் தண்ணீர் மாற்றத்தை நம்பாதீர்கள்: 40 இருந்தது 36 ஆகும், அவ்வளவுதான். தீனியைக் குறைப்பதுதான் வழி.

இப்போதுதான் ஸ்கிம்மர். நின்றுபோனால் ஒரு வாரத்துக்கு எதுவும் ஆகாத கருவி என்பதால் என் வரிசையில் இது கடைசி. கொளத்தூர் மீன் கடைகளில் முதலில் தலையில் கட்டுவது இதைத்தான். சின்னத் தொட்டி, குறைந்த மீன் என்றால் இல்லாமலேகூட ஓட்டலாம். வாங்கினால் நடுத்தர விலையில் போதும். கை கழுவிய சோப்போ, வீட்டில் அடித்த பெயின்ட்டோ நீரின் மேற்பரப்பைக் கெடுத்தால் அது பொங்கி வழியும், கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

காற்றை உறிஞ்சும் எந்தக் கருவியும் அறையில் இருப்பதையெல்லாம் தண்ணீருக்குள் கொண்டுபோகும். நம் வீடுகளில் இது கொசு மருந்து. காயில், லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்துதான். மனிதர்களுக்கு அதிகம் ஒன்றும் செய்யாது, மீனையும் இறாலையும் கொன்றுவிடும். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள், ஜன்னலுக்கு நெட் அடியுங்கள்.

மின் இணைப்பில் இரண்டு விஷயம். மின்சாரம் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள். ஒவ்வொரு ஒயரையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோங்கள், வழியும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சம்ப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்.

கையுறையும் அதே மாதிரி ஒரு பாதுகாப்பு. சோவாந்திட் வகைகளில், முக்கியமாகப் பாலிதோவாவில், பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம். வெட்டி ஒட்டும்போது கையுறையும் கண்ணாடியும் வேண்டும். அது படர்ந்த கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்ய நினைக்கவே கூடாது, ஆவியோடு வரும் விஷம் வீட்டில் உள்ளவர்களையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

புது மீனில் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கடையில் காப்பர் மருந்து கொடுப்பார்கள். மருந்து சரிதான், அது வேறு ஒரு சாதாரணத் தொட்டியில். மெயின் தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கும், மற்றதெல்லாம் போய்விடும். அதனால் ஒரு பிளாஸ்டிக் டப்பும் ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டரும் எப்போதும் தனியாக வைத்திருக்கிறேன். புது மீன் சில வாரம் அங்கே இருந்துவிட்டுத்தான் உள்ளே வரும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஆட்டோ டாப்-அப் மூன்று நாளைக்கு, மீறினால் நான்கு நாளைக்கு வரும். "அக்கா, மீனுக்கு ஒண்ணுமே போடாதீங்க, அது பாட்டுக்கு இருக்கும். அந்த நீல வாளியில தண்ணி கோட்டுக்குக் கீழ போச்சுன்னா மட்டும் இந்த கேன்ல இருந்து ஊத்துங்க, பைப் தண்ணி வேணாம்" என்று சொல்லி, நல்ல தண்ணீர் கேனின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போவேன். உப்பு கலந்த கேனைப் பூட்டி வைத்துவிடுவேன்.